ஜெராக்ஸ் அக்காவும் பயண அட்டையும்

பயண அட்டை அலுவலகத்துக்கு நேர் எதிரே, சாவி போடுபவர் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில், எட்டடி அகலத்தில் ஒரு கடை. உள்ளே ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், ஒரு நீண்ட மேசை, மூலையில் போட்டோ எடுக்க நீலத்திரை. அந்தக் கடையை நடத்திய பெண்ணைத் தெருவே ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டது. அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் அக்கா என்றார்கள். முதலில் அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கூப்பிடுகிறவர் வாயைத் தைக்கவா முடியும் என்று பிறகு விட்டுவிட்டாள்.

அந்த நகரத்தில் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஒரே அட்டை. ஏறும்போது கருவியில் தட்டுவது என்னவோ கண்மூடித் திறக்கும் நேரம்தான்; அதை வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். இரண்டு பக்கப் படிவம், இருபத்திரண்டு கட்டங்கள். காது தெரியும்படி இரண்டு போட்டோ. அடையாளச் சான்று, முகவரிச் சான்று, இரண்டின் நகலிலும் ஏதாவது ஓர் அதிகாரியின் கையெழுத்து. அலுவலகம் திறந்திருப்பது வேலை நாட்களில் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. ஊரில் எல்லோரும் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத் திறந்து, அவர்கள் திரும்பி வருவதற்குள் சாத்திவிடுவார்கள்.

அக்காவுக்கு அந்தப் படிவம் தலைகீழ்ப் பாடம். ஏழாவது கட்டத்தில் அப்பா பெயரைக் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பலர் எழுதிவிடுவார்கள். அது பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் பாதுகாவலர் பெயருக்கான இடம். எழுதினால் போச்சு. பன்னிரண்டில் தேதியை அவர்கள் கேட்ட வரிசையில் போடாவிட்டாலும் போச்சு. பதினோரு வருடமாக இதையெல்லாம் பார்த்துப் பார்த்து, எதிர் அலுவலகப் படியில் இறங்குபவரின் நடையை வைத்தே அவளால் சொல்ல முடியும். அட்டை கிடைத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இறங்குவார். கிடைக்காதவர் கடைசிப் படியில் நின்று, எந்தப் பக்கம் போவதென்று மறந்தவர் மாதிரி ரோட்டைப் பார்ப்பார். அப்புறம் நேரே அக்காவிடம் வருவார்.

திருப்பி அனுப்பப்பட்ட படிவங்களின் ஓரத்தில் சிவப்பு மையில் காரணம் இருக்கும். 'கட்டம் 7 தவறு.' 'சான்று தெளிவில்லை.' 'இடது காது தெரியவில்லை.' வந்தவர்கள் அவற்றை வெறுப்போடு மேசையில் போட்டுவிட்டுப் புதுப் படிவம் கேட்பார்கள். அக்காவுக்கு அவற்றைக் குப்பையில் போட மனம் வரவில்லை. பெயரும் போட்டோவும் இருக்கும் மேல்பகுதியைக் காகிதம் வெட்டும் கத்தியால் நறுக்கி அவர்களிடமே கொடுத்துவிட்டு, மிச்சத்தை மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டியில் அடுக்குவாள். கட்டங்கள் பாதிப் பக்கத்தோடு முடிந்துவிடுவதால் பின்னால் நல்ல வெள்ளை இடம் இருந்தது. துண்டுச்சீட்டு எழுத ஆகும்.

நீலத்திரை மூலை நாத்தனாருடையது. கணவரின் தங்கை. ஆறு வருடத்துக்கு முன்பு, வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க முடியவில்லை அண்ணி என்று சொல்லிக் கடைக்கு வந்தவள், போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டு அங்கேயே வேரூன்றிவிட்டாள். நாள் முழுக்க அவள் சொல்வது ஒன்றுதான்: "முடியை ஒதுக்குங்க, காதைக் காட்டுங்க." கணவர் சிட்டி பஸ் டிரைவர். விடிகாலை வண்டி எடுத்தால் பிற்பகல் மூன்று மணிக்கு வீடு. அதிகம் பேச மாட்டார். பேச வேண்டியதையெல்லாம் தங்கையே பேசித் தீர்த்துவிட்டாள் என்பார்.

சின்ன ரயில் நிலையங்களில் டிக்கெட் ஜன்னல்களை மூடிய வருடம்தான் கடைக்குக் கூட்டம் பிய்த்துக்கொண்டு வந்தது. இனி அங்கெல்லாம் அட்டை இருந்தால்தான் கதவு திறக்கும். இல்லாதவர்கள் பெரிய நிலையத்துக்கு நடந்துபோய் அங்கே வரிசையில் நிற்க வேண்டும். பஸ்ஸிலும் அப்படியே, அட்டை இல்லாமல் ஏற முடியாது என்று ஆக்கிவிட்டார்கள். அலுவலக வாசலில் நின்ற வரிசை ரோட்டைத் தாண்டி அக்காவின் கடைவரைக்கும் வந்தது. நாத்தனார் புது விளக்கு ஒன்று வாங்கினாள். அக்கா பழைய இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு வேகமான ஒன்றை எடுத்தாள். தொழில் அப்படி ஒரு போக்குப் போனது.

அந்தக் கூட்டத்தில் வந்தவர்தான் மாவுக்காரர். ரொட்டிக் கடையில் விடியுமுன் மாவு பிசைகிறவர். எவ்வளவு துடைத்தாலும் புருவத்தில் வெள்ளை ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் குடியிருந்தார். அந்த அறைக்கு எண் கிடையாது. எண் இல்லாத வீட்டுக்குச் சான்று கிடையாது. சான்று இல்லாதவருக்கு அட்டை கிடையாது. கட்டடக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கடிதம் வாங்கி வருவதற்கு இரண்டு மாதம் ஆனது. அதில் கையெழுத்து இருந்தது, தேதி இல்லை. அடுத்த தடவை தேதி இருந்தது, அதிகாரியின் கையெழுத்து இல்லை. ஒவ்வொரு தடவையும் அரைநாள் லீவு போட்டுவிட்டு வருவார். வீட்டுக்குப் பக்கத்திலேயே நிலையம் இருந்தும், தினமும் பெரிய நிலையத்துக்கு நாற்பது நிமிடம் நடந்துகொண்டிருந்தார்.

ஐந்தாவது தடவை எல்லாம் சரியாக இருந்தது. படிவத்தை அக்காவே தன் கையால் எழுதி, இரண்டு முறை சரிபார்த்து, "இன்னைக்கு வாங்கிட்டுத்தான் வரப்போறீங்க" என்று சொல்லி அனுப்பினாள். பன்னிரண்டு ஐம்பதுக்கு அவர் கடைசிப் படியில் நிற்பதைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தத் தடவை என்ன சொன்னாங்க?"

"பதினாலாவது கட்டமாம்க்கா. மேற்படின்னு எழுதக் கூடாதாம். முழு முகவரியையும் திரும்ப எழுதணுமாம்."

அக்காவுக்குப் பகீரென்றது. தற்காலிக முகவரியும் நிரந்தர முகவரியும் ஒன்றாக இருந்தால் இரண்டாவதில் மேற்படி என்றுதான் அவள் எப்போதும் எழுதுவாள். பதினோரு வருடமாக யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

"அது நான் எழுதினதுங்க. தப்பு என்னோடது."

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க? போன வாரம் வரைக்கும் செல்லுச்சுன்னு அவங்களே சொல்றாங்க" என்று அவர் அவளைத் தேற்றினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு படிவம் எழுத நேரமில்லை. அடுத்த மாதம் லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தார். அன்று மத்தியானச் சாப்பாட்டை அக்கா திறக்கவே இல்லை. அவர் கோபமாவது பட்டிருக்கலாம் என்று தோன்றியது. திட்டு வாங்கியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லி அதோடு முடித்திருக்கலாம்.

அதே வாரத்தில் எதிர் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்திருந்த புது அதிகாரி கடைக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தரையில் எதையோ தொலைத்தவர் மாதிரி குனிந்தே நடக்கிற பெண். அலுவலக ஜெராக்ஸ் பழுதாம், நாற்பது பக்கம் எடுக்க வேண்டும் என்றார். அக்கா எடுத்துக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் பக்க எண்ணிக்கையை எழுதி நீட்டினாள். அதிகாரி சீட்டைத் திருப்பினார். சிவப்பு மையைப் படித்தார். இடது காது தெரியவில்லை.

இது மாதிரி எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அக்கா காலால் மேசைக்கு அடியில் காட்டினாள். நாலு பெட்டி, ஐந்தாவது பாதி. அதிகாரி குனிந்து பார்த்தார். அந்தக் குனிந்த நடைக்கு அன்றுதான் உருப்படியாக ஏதோ கிடைத்தது.

"கொடுத்த கார்டுக்கெல்லாம் எங்ககிட்ட கணக்கு இருக்கு. திருப்பி அனுப்பினவங்களை யாரும் எண்ணவே இல்லை" என்றார். "கொஞ்ச நாளைக்கு இதை எனக்குத் தருவீங்களா?"

அக்கா உடனே சரி சொல்லிவிடவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் நாத்தனார் ஆடித் தீர்த்துவிட்டாள். "அண்ணி, அந்த ஃபாரம்தான் நமக்குச் சோறு போடுது. நம்ம பொழப்புல நாமளே மண்ணை அள்ளிப் போட்டுக்கணுமா?" என்றாள். அவள் சொன்னதில் தப்பொன்றும் இல்லை என்பது அக்காவுக்கும் தெரிந்தது. கணவர் வெந்நீரில் காலை ஊறவைத்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் பேசி ஓய்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"தினமும் பத்துப் பேரையாவது ஏத்தாம விட்டுட்டு வர்றேன். கார்டு இல்லேன்னா ஏத்தக் கூடாது, ரூல் அப்படி. சில பேர் படியில ஒரு காலை வெச்சுக்கிட்டுக் கேப்பாங்க. நான் அவங்க முகத்தைப் பாக்க மாட்டேன். கண்ணாடியையே பாத்துட்டு உக்காந்திருப்பேன்."

இதை அவர் அதுவரை வீட்டில் சொன்னதே இல்லை. சொல்லிவிட்டு, கடை உன்னோடது, முடிவும் உன்னோடதுதான் என்று காலைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோனார்.

மறுநாள் அக்கா பெட்டிகளை இழுத்து வெளியே வைத்தாள். அதிகாரி அவற்றை அலுவலகத்துக்குத் தூக்கிப்போகவில்லை. ஒரு மணிக்கு மேல் கடைக்கே வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, காரணம் வாரியாகப் பிரித்து அடுக்கினார். மூன்று மத்தியானங்கள். முகவரிச் சான்று அடுக்குதான் எல்லாவற்றையும்விட உயரம். மேசையின் விளிம்பைத் தொட்டது. ஏழாம் கட்டத்துக்கு ஒரு அடுக்கு, தேதிக்கு ஒரு அடுக்கு. நாத்தனார் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நீலத்திரைக்குப் பின்னால் இருந்தாள். மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தவளின் கண்ணில் காது அடுக்கு பட்டது. நான் எடுத்த போட்டோவிலா காது தெரியவில்லை என்று அதிகாரியிடமே சண்டைக்குப் போனாள். எந்த மாதத்தில் எந்தக் குமாஸ்தா இருந்தார், எவருக்குக் காது மேல் என்ன பகை என்று விளக்கினாள். பிறகு தானே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தாள்.

எல்லாம் முடிந்ததும் அதிகாரி, இந்தப் படிவத்தில் எந்தெந்தக் கட்டத்தை எடுத்துவிட்டால் ஜனங்களுக்குச் சுலபமாக இருக்கும் என்று அக்காவிடம் கேட்டார். நாலைந்து கட்டங்களைச் சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பார். அக்கா அடுக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் வாயிலிருந்து வரப்போவது என்ன என்று அவளுக்கே அந்த நிமிடம்வரை தெரியாது.

"எடுக்கிறதா இருந்தா மொத்தமா எடுத்துடுங்கம்மா. சலுகை கார்டு கேக்குறவங்ககிட்ட வயசுக்கு, படிப்புக்குச் சான்று கேளுங்க, அது நியாயம். முழு டிக்கெட் காசும் குடுத்துட்டுப் போறவங்க பேரும் வீடும் பஸ்ஸுக்கு எதுக்கு? தீப்பெட்டி வாங்குற மாதிரி எந்தக் கடையிலயும் வாங்கட்டும்."

நாத்தனார் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு ஒன்பது நாள் அண்ணியோடு பேசவே இல்லை.

ஏழு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அதிகாரி தினமும் குனிந்தபடியே ரோட்டைக் கடப்பார், அக்காவைப் பார்த்தால் கையை மட்டும் தூக்குவார். மேலே கூட்டம் மேல் கூட்டம் நடக்கிறது, முறைகேடு நடக்கும் என்று பயப்படுகிறார்கள் என்று ஒருமுறை சொன்னார். அடுக்குகளின் போட்டோக்களையும் எண்ணிக்கையையும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் எடுத்துப் போனாராம். அக்கா அதை மறந்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். படிவங்கள் வந்தன, எழுதினாள். மேற்படி என்று மட்டும் எழுதுவதில்லை.

ஒரு நாள் காலை அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பை இருநூறு நகல் எடுக்கக் கொடுத்தனுப்பினார்கள். நகல் எடுக்க வருவதைப் படிக்கக் கூடாது என்பது அவள் தொழில் தர்மம். அன்று படித்துவிட்டாள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து சாதாரணப் பயண அட்டைக்குப் படிவம் தேவையில்லை. மருந்துக் கடைகள், ரொட்டிக் கடைகள், பத்திரிகைக் கடைகளில் கிடைக்கும். இயந்திரம் இருநூறு தடவை வெளிச்சத்தை இழுத்துக்கொண்டு போய்வந்தது. அவள் பக்கத்திலேயே நின்றாள். சந்தோஷமா கலக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எடுத்த நகல்களில் ஒன்று கோணலாக வந்திருந்தது. அதை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டாள்.

முதல் தேதிக்குப் பிறகு ஒரு வாரத்தில் மாவுக்காரர் வந்தார். லீவு எதுவும் போடவில்லை, வேலை முடிந்து நேரே வருகிறேன் என்றார். அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பக்கத்து மருந்துக் கடையில் இருமலுக்கு மாத்திரை வாங்கினவர், கூடவே இதையும் வாங்கிவிட்டாராம். காலையில் அரைமணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறாராம். அதைத்தான் அவர் மூன்று தடவை சொன்னார். ஒரு பொட்டலம் ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு, நகல் எடுக்க எதுவும் இல்லாத ஒருவர் கடையில் எவ்வளவு நேரம் உட்காரலாமோ அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். நாத்தனாரும் ரொட்டியில் ஒரு துண்டு தின்றாள்.

பிறகு கடை காலியானது. அதைப் பூசி மெழுகிச் சொல்ல வழியில்லை. வரிசை போயிற்று, வரிசையில் நின்றவர்களுக்காக வந்த தண்ணீர் பாட்டில்காரரும் போனார். நாள் முழுக்க நாலு பேர் வந்தால் பெரிய காரியம். நாத்தனார் ஒரு வாரம் வாயைக் கட்டிப் பார்த்துவிட்டு, எட்டாம் நாள், நான் அப்பவே சொன்னேன் என்றாள். சொல்லிவிட்டு அவளே வருத்தப்பட்டாள். இதில் இன்னொரு கூத்து: பக்கத்தில் சாவி போடுபவர் தன் கடையில் பயண அட்டை விற்க ஆரம்பித்தார். அட்டை விற்க விரும்பும் கடைக்காரர்கள் ஒரு விண்ணப்பப் படிவம் நிரப்பித் தர வேண்டும் என்று அதே அறிவிப்பின் இரண்டாம் பக்கத்தில் இருந்திருக்கிறது. சாவிக்காரருக்கு அதை நிரப்பிக் கொடுத்ததே அக்காதான். ஊருக்கெல்லாம் படிவம் எழுதியவள், கடைசித் தேதி தாண்டும்வரை தனக்கென்று ஒன்றை எழுதத் தோன்றாமல் விட்டுவிட்டாள். கணவரிடம் சொன்னபோது அவர் சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தார். முதலில் அவளுக்குக் கோபம். பிறகு அவளும் சிரித்தாள்.

ஆனால் கடை காலியாகக் கிடந்த அந்த நாலு மாதங்களும் லேசானவை அல்ல. அக்கா கல்லூரி வாசல்களில் போய் நோட்டீஸ் ஒட்டினாள். ஆய்வேடு பைண்டிங் செய்யும் கருவி ஒன்றைப் பாதி விலைக்குப் பிடித்துப் போட்டாள். நாத்தனார் கைக்குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுப்பதில் பேர் வாங்கினாள். எந்தக் குழந்தையும் அவள் கையில் அழாது, அவள் பேச்சைக் கேட்டுத் திகைத்துப்போய் நேராகப் பார்க்கும். மெல்ல மெல்லக் கடை மூச்சுவிடத் தொடங்கியது.

அதற்குள் அதிகாரிக்கு வேறொரு கவலை வந்துவிட்டது. நகரத்தின் ஓரங்களில் மருந்துக் கடையும் கிடையாது, பத்திரிகைக் கடையும் கிடையாது. அங்கே இருப்பவர்கள் அட்டை வாங்க இன்னமும் உள்ளே வர வேண்டியிருந்தது. ஓடித் தேய்ந்த ஒரு பஸ்ஸின் சீட்டுகளைக் கழற்றி, மேசை போட்டு, வாரத்தில் இரண்டு நாள் அந்தப் பகுதிகளுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். மேசையில் உட்கார ஆள் தேவை. அலுவலகக் குமாஸ்தாக்கள் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்து, ரோட்டைக் கடந்து வந்து அக்காவைக் கேட்டார். சலுகை அட்டை கேட்கிறவர்களிடம் என்ன சான்று இருக்கிறது, இல்லாவிட்டால் எதை வைத்துச் சமாளிக்கலாம் என்று உங்களுக்குத்தான் தெரியும் என்றார். இந்தத் தடவை அக்கா உடனே சரி சொன்னாள்.

வண்டியைத் தனக்குத்தான் ஒதுக்குவார்கள் என்று கணவர் ரொம்ப நம்பியிருந்தார். மனுப்போட்டும் பார்த்தார். வேறொரு டிரைவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த டிரைவர் பிரேக்கை எப்படி மிதிக்கிறார் என்று வண்டி போகிற செவ்வாயும் வெள்ளியும் சாப்பாட்டு வேளையில் அக்காவிடம் விசாரித்து, குறை கண்டுபிடித்துத் திருப்திப்பட்டுக்கொள்வார்.

அக்காவுக்கு அந்த இரண்டு நாட்கள் பிடித்துப்போயின. நகரத்தின் தெருப் பெயர்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பாள். ஒன்றையும் பார்த்ததில்லை. வீடு, கடை, கடை, வீடு என்றே காலம் போயிருந்தது. இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓ, செங்கல் சூளைத் தெரு என்பது இதுவா, இதில் சூளையே இல்லையே என்று பார்த்துக்கொண்டு போவாள். வாய்க்கால் மேட்டு மூன்றாம் சந்து என்பதை அவள் ஏதோ அகலமான இடமாக நினைத்து வைத்திருந்தாள். அது இரண்டு பேர் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. வண்டி உள்ளே போகாது என்று டிரைவர் சொல்ல, அக்காவும் அதிகாரியும் மேசையைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சந்து முனையில் போட்டார்கள்.

அங்கே முதலில் வந்த மூதாட்டி அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். இவ்வளவுதானா என்று கேட்டார். இவ்வளவுதான் என்றாள் அக்கா.

"பேரு கூட எழுதலையேம்மா. தொலைஞ்சா என்னுதுன்னு எப்படித் தெரியும்?"

பேர் தேவையில்லை என்று அக்கா விளக்கினாள். மூதாட்டி நகர்வதாக இல்லை. தன் பெயரை யாராவது எழுதிப் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது என்றார். அக்கா அதிகாரியைப் பார்த்தாள். அதிகாரி வேறு எங்கோ பார்த்துக்கொண்டார். அட்டையைப் போட்டுத் தரும் காகித உறையின் மேல், பெரிய எழுத்தில், கோடு போட்டது மாதிரி நேராக அந்தப் பெயரை அக்கா எழுதிக் கொடுத்தாள். அவ்வளவுதான், அடுத்து நின்றவருக்கும் வேண்டும் என்றாயிற்று. அதற்கடுத்தவர் தன் பெயரோடு மருமகள் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னார். ஒருவர் தன் ஆட்டின் பெயரைச் சொல்லிப் பார்த்தார், வரிசையே சிரித்தது. அன்று வண்டி கிளம்ப முக்கால் மணி தாமதம். டிரைவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு காத்திருந்தார். திரும்பி வரும்போது அக்காவின் விரலெல்லாம் மை. அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பேனா கூடுதலாக எடுத்துவர வேண்டும் என்று அதிகாரிதான் சொன்னார்.